கடல்காட்டுச் சுறாப்பல்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. கொல்லிமலையில் மூடுபனி, இடையிடையே தூறல். வேலிக்கு அப்பால் நிற்கும் ஏழு பலாமரங்களில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தன. தொலைபேசி அடித்தது. என் சுறாப்பல்லைச் சோதித்த ஆய்வகத்துப் பெண்.

இங்கே வாழவந்தி நாடு என்னும் ஊரின் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பள்ளிக்குப் பின்னால் இருந்த மரவள்ளிக் காட்டில் அந்தப் பல்லை எடுத்தேன். நீளம் இருபத்து மூன்று மில்லிமீட்டர். இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் பல்லைக் கையில் கொடுத்து அதையே நடத்தினேன். பதிவேடுகளை வைத்து எண்ணியிருக்கிறேன்: 1,304 பிள்ளைகள். அந்த இடத்துக்குக் கடல்காடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. போய்ச் சேர்வதற்குள் நான் சொன்னது மெய்யென்று எழுத்தில் வாங்கிவிட நினைத்துத்தான், எழுபத்தாறாவது வயதில் பல்லைச் சோதனைக்கு அனுப்பினேன்.

சுறா நீந்திய நீரின் ஆக்சிஜன் அதன் பல்லில் தங்கிவிடுகிறது. ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அது வெதுவெதுப்பான நீரா, குளிர்ந்த நீரா, கடலா, ஆற்று முகமா என்று கணிக்கலாம்.

"வெதுவெதுப்பான கடல் சார். கரையோரம், ஆழமில்லாதது" என்றார் அந்தப் பெண்.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா!"

அவர் தயங்கினார். "ஆனா சார், கொல்லிமலைப் பாறையில சுறாப்பல் இருக்க வழியே இல்ல. சுறா தோன்றுறதுக்கு எவ்வளவோ முன்னால, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல உருவான பாறை அது. உங்க பல்லோட வேர்ல ஒட்டியிருக்கிறது சுண்ணாம்புக்கல். ஆக்சிஜன் அளவும், ஒரு காலத்துல கடலா இருந்த அரியலூர்ப் பக்கம் கிடைக்கிற பல்லுங்களோட அப்படியே ஒத்துப்போகுது. யாராவது அங்கேருந்து கொண்டுவந்தாங்களா?"

இல்லை என்றேன். இரண்டு முறை சொன்னேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கடல்காட்டுக்கு நடந்தேன். 640 அடி எடுத்து வைக்க வேண்டும். அந்த நிலத்துக்காரர் என் பழைய மாணவர். மிளகுக்கொடிக்குக் கீழே நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், இந்தப் பனியில வரலாமுங்களா?"

"இங்க எப்பவாவது வெளியூர்ச் சுண்ணாம்புக்கல் வந்துச்சா?"

"வந்துச்சுங்களே. பள்ளிக்கூடம் கட்டறப்ப எங்கப்பன் இங்கதானுங்க சுண்ணாம்புச் சூளை போட்டாரு. அரியலூர்லேர்ந்து லாரியில கல்லு வரும். இங்க வச்சு ஒடைச்சுத்தான் வேக வைப்பாங்க."

"இத்தனை வருஷமா ஏன்யா சொல்லல?"

"பல்லு அந்தக் கல்லுல வந்ததான்னு நான் அப்பவே அப்பன்கிட்டக் கேட்டேனுங்க. 'வாத்தியார் பேசறப்பக் குறுக்க பேசாத சாமி'ன்னுட்டாரு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சூளையப் பாத்த ஊட்டுக்காரங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க." அவர் சிரித்தார். "விடுங்க சார், கடல் வந்ததாவே இருக்கட்டும். இப்ப இருக்கிற டீச்சரும் உங்ககிட்டப் படிச்சவங்கதானுங்களே. எம்பேத்தி பரிச்சையில அத எழுதி முழு மார்க்கு வாங்கிட்டா!"

1,304 பேரில் பதினேழு பேருடைய எண்கள்தான் என்னிடம் இருந்தன. அன்று ஆறு பேரை அழைத்தேன். இருவர் எடுக்கவில்லை. மற்ற நால்வரிடமும் நான் நடத்தியது தவறு என்று சொன்னேன். நால்வரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஏழாவது எண்ணை அழுத்தவில்லை.

பல் திரும்பி வந்துவிட்டது, துளையிட்ட இரண்டு குழிகளோடு. சோதனைக்கு 4,720, கூரியருக்கு 180, அதை அனுப்ப நாமக்கல் போய்வந்த பஸ்ஸுக்கு 124. ஆக மொத்தம் ரூபாய் 5,024.