மூச்சோடு ஏறி இறங்கிய துடிப்பு

மருத்துவமனையில் இதயத் துடிப்பை வரையும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு தாளிலும் நான்கு விஷயங்களை வரிசை மாறாமல் பார்ப்பேன். ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதா? மேடுகள் எல்லாம் ஒரே வடிவமா? மேட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கிறதா? முனைக்கு முனை தூரம் சமமா? நான்கும் சரியென்றால், துடிப்பு இதயத்தின் மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சில் பிறந்து போக வேண்டிய வழியில் போகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு பெண் தன் தம்பியை அழைத்து வந்தார். கப்பல் பட்டறையில் நீருக்கடியில் மூழ்கி வேலை செய்யும் டைவர் வேலை அவருக்கு அநேகமாகக் கிடைத்துவிட்டது. உடற்பரிசோதனையில் நாடி ஒழுங்காக இல்லை என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

"சின்னதுல இருந்து கடல்லயே கெடப்பான் மிஸ்ஸி. இப்பப் போயி நெஞ்சு சரியில்லங்கிறாங்க" என்றார் அக்காள்.

தம்பியின் கை கால்களில் பசை தடவித் தகடுகளைக் கட்டினேன். அசையாதீர்கள் என்றதும் மரக்கட்டை போலப் படுத்துக்கொண்டார். தாள் ஓடியது. முதல் மூன்றும் சரி. நான்காவது சரியில்லை. முனைகள் நெருங்கின, விலகின, மறுபடி நெருங்கின. அக்காள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவராயத்தை வைத்து அளந்துகொண்டே தம்பியின் மார்பைக் கவனித்தேன். மார்பு ஏறும்போது முனைகள் நெருங்கின, இறங்கும்போது விலகின. இளம் வயதில் மூச்சோடு சேர்ந்து துடிப்பு இப்படி மாறுவது நோயல்ல என்று படித்திருந்தேன். இவ்வளவு அழகாகப் பார்த்தது அன்றுதான். மூச்சை நிறுத்தினால் முனைகள் ஒழுங்காக வர வேண்டும்.

"மூச்ச இழுத்து அடக்குங்க."

சட்டென்று முனைகள் சம தூரத்தில் வரிசைகட்டி நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்துக்கொண்டே இருந்தேன். பொதுவாக நான் சொல்வதற்குள் எல்லாரும் மூச்சை விட்டுவிடுவார்கள். அதனால் விடச் சொல்லும் பழக்கமே எனக்கு இல்லை. தாள் மேசையைத் தாண்டித் தரையில் சுருண்டது. துடிப்பு மெல்ல மெல்ல நிதானமானது, ஆனால் ஒழுங்கு கெடவில்லை.

"மிஸ்ஸி, விடச் சொல்லுங்க லா. நீங்க சொல்லாம அவன் விடமாட்டான்."

நான் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் அவசரமில்லாமல் மூச்சை விட்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

டாக்டர் அந்த நீளத் தாளை மேசை மேல் விரித்து முழுக்கப் படித்தார். தானும் அவருடைய நாடியைப் பிடித்து, மூச்சு இழுக்கவும் விடவும் சொல்லிப் பார்த்தார். பிறகு, என்ன வேலைக்கு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இதற்குமேல் அந்த வேலைக்கு என்ன சோதனை வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

அக்காள் தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"வேலைக்குப் போனா, மேல வந்து மூச்சு விடணும்னு ஞாபகம் வச்சுக்கடா."