மாஷி என்னைப் பார்க்காத நாட்கள்

வங்காளத்தில், பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை; மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை இந்த ஊர் வழக்கப்படி, சித்தி என்பதுபோல, மாஷி என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அண்ணியைக் கூப்பிடுவதுபோல என்னை பௌதி என்பார். மீன் விலை, மருமகள் புராணம் என்று வந்ததிலிருந்து போகிறவரை வாய் ஓயாது.

ஒரு சித்திரை வெயிலில், படியேறி வந்த களைப்பில், எங்கள் டம்ளரை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் தூக்கித்தான் குடிப்போம். "ஐயையோ, எச்சில்!" என்று என் வாய் முந்திக்கொண்டது. அதோடு நிறுத்தினேனா? பாழாய்ப்போன புத்தி! அவர் கண்ணெதிரிலேயே அதைப் புளி போட்டுத் தேய்த்து, பால்கனியில் தனியாகக் கவிழ்த்து, "இனிமே இது உங்களுக்கு" என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். எச்சில் பார்ப்பது வங்காளிகளுக்கும் உண்டு. மாஷிக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

மறுநாளும் வந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோஷம், நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். எனக்கு மட்டும் கௌரவம் இல்லையா, நானாகப் போய்க் கெஞ்சுவதா என்று விறைப்பாக இருந்தேன்.

அந்த ரோஷம் போகவில்லை. வந்த சத்தமே கேட்டிருக்காது, திரும்பிப் பார்த்தால் தரை ஈரமாக இருக்கும். "மாஷி" என்று கூப்பிட்டால் கை நிற்காது. வழியில் நின்றால், அலமாரியைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போவார். ஒரு நாள் கண்ணாடி முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன், சிரிக்காதீர்கள்.

அடுத்த கட்டடம் ஒட்டி நிற்பதால் எங்கள் அறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாஷி துடைத்து முடித்தார். வாசலில் நின்று அறையை ஒரு முறை கண்ணால் அளந்தார். மின்விசிறியை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஆளில்லாத அறையை விட்டுப் போகும்போது செய்வோமே, அப்படி.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "நான் உள்ளே இருக்கேன் மாஷி! தெரியலையா?" என்று கத்தினேன்.

பிழிந்துகொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாகச் சொன்னார்: "பார்த்தா கோபம் வருது பௌதி. கோபத்துல நாலு வார்த்தை சொன்னா வேலை போயிடும். வேலையையும் விட முடியாது, மானத்தையும் விட முடியாது. அதான், இந்த வீட்டுல யாருமே இல்லைன்னு நினைச்சு வேலை செஞ்சு பழகிட்டேன்."

வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. "மன்னிச்சிடுங்க மாஷி" என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே துடைத்து முடிக்கும்வரை பின்னாலேயே நின்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முடித்ததும், அந்த அறை விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார்.