ஏழு புள்ளி, ஆறு புள்ளி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அறுபத்தாறு விசைகள் இருந்தன. அவற்றில் மூன்று அழுந்தாது. என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பழசென்று ஒதுக்கிய இதை ஒரு துண்டில் சுற்றி, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு எடுத்து வந்தார். டி.வி.யில் சொருகினால் அதுவே திரை. கூடவே சிலேட்டில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பலகையும், வயரில் தொங்கும் ஒரு குச்சியும் இருந்தன. பலகையின் நடுவில் நாலு அங்குலச் சதுரம். அதில் குச்சியை அழுத்தி இழுத்தால் திரையில் கோடு விழும். அதற்கான புரோகிராம், பாட்டுக் கேட்கிற சாதாரணக் கேசட்டில் இருந்தது; டேப் ரெக்கார்டரை வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்ட வேண்டும்.

"மச்சான் கணக்கு வாத்தியாரு. ஒங்களுக்குத்தான் இது லாயக்கு. அக்கா தொட்டா ஷாக் அடிக்கும்" என்றார் மைத்துனர்.

"ஏன்டா, ஒங்க மச்சான் தொட்டா மட்டும் கொஞ்சுமாக்கும்?" என்றாள் என் மனைவி.

அவர் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு நான்தான் அதோடு மல்லுக்கட்டினேன். திண்டுக்கல்லில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். திரையில் குறுக்கே நூற்று அறுபது புள்ளி, நெடுக்கே இருநூறு. மொத்தம் முப்பத்திரண்டாயிரம். நிறம் பதினாறு. இதையெல்லாம் தெரிந்துகொண்டேனே தவிர, வரைவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வட்டம் போடுவேன், ஒரு முக்கோணம் போடுவேன், அணைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அலமாரியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

எங்களுக்குப் பிறந்தது ஒரே பையன். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். போகவில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இறந்தவரைப் பெட்டியில் வைத்து, சுற்றி உறவினர் நிற்க ஒரு போட்டோ எடுப்பார்கள். அவனுக்கு எடுத்தது அந்த ஒரு போட்டோதான். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கி வைத்திருந்தாள். தலையில் பூமுடி, மூக்கில் பஞ்சு, மூடிய கண்கள். அவனைத் தேடினால் எங்களுக்குக் கிடைக்கிற முகம் அதுதான்.

"இத வச்சு இவனக் கண்ணு தொறந்தாப்புல வரைய முடியுமாங்க?"

"எனக்கு வட்டமே கோணலா வருது."

"நீங்க வேணாம். நான் வரையிறேன். கண்ணு எனக்கு இன்னும் ஞாபகத்துல இருக்கு. வரவர அதுவும் கலங்குது. போட்டோவப் பாத்துப் பாத்து, மூடுன கண்ணுதான் முன்னால வருது."

அவள் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். காகிதத்தில் முன்பே முயன்றிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழித்து அழித்துக் கண் இருக்கும் இடத்தில் காகிதம் கிழிந்துபோகுமாம். கண் கிழிந்த பிள்ளையைப் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டாளாம். திரையில் எத்தனை முறை அழித்தாலும் ஒன்றும் கிழியாது. அதற்காகத்தான் கேட்டாள்.

போட்டோவின் மேல் மெல்லிய பட்டர் பேப்பரை வைத்து முகத்தைப் பென்சிலால் எடுத்தாள். அந்தத் தாளைப் பலகையின் சதுரத்தில் ஒட்டி, பென்சில் கோட்டின் மேலேயே குச்சியை அழுத்தி நகர்த்தினாள். டி.வி.யில் அவன் தாடை வந்தது, காது வந்தது. பூமுடியை விட்டுவிட்டாள். பஞ்சையும் விட்டுவிட்டாள்.

நிறம்தான் பெரிய தொல்லை. பதினாறில் எங்கள் பிள்ளையின் நிறம் இல்லை.

"வெள்ளைக்காரன் பொட்டில வேற எது இருக்கும்? ரோஸ் இருக்கு பாருங்க, பன்னிக்குட்டி மாதிரி" என்றாள்.

பழுப்பில் ஒரு புள்ளி, ஆரஞ்சில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்தாள். தூரப் போய்ப் பார்த்தால் மாநிறம். கண்ணுக்கு வந்தபோது இன்னொரு சிக்கல். ஒரு சின்னக் கட்டத்துக்குள் மூன்று நாலு நிறங்களுக்கு மேல் அந்த யந்திரம் தாங்காது. கண்ணுக்கு வெள்ளை வைத்தால் கன்னத்தில் பாதி வெள்ளையாகும். அவள் அழிப்பாள், வைப்பாள், அழிப்பாள். நடுவில் கரண்டு போனால் எல்லாம் போய்விடும் என்று நான் புலம்புவேன்.

"செத்த நேரம் சும்மா இருங்களேன். நீங்க பேசுறதுக்கே அது போயிரும்."

கடைசியில் ஒரு நாள் குச்சியைக் கீழே வைத்தாள். திரையில் எங்கள் பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வழக்கம்போல எண்ணத்தான் வந்தது. இடது கண்ணில் கறுப்பு ஏழு புள்ளி, வலது கண்ணில் ஆறு.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"அவனுக்கு அப்படித்தான். சிரிக்க வாரப்ப வலது கண்ணு செத்த சுருங்கும். இம்புட்டு எண்ணுறீங்க, இது தெரியாதா?"

படத்தைக் கேசட்டில் பதிந்தோம். பதிகிற சத்தம் காதைக் கிழிக்கும் கீச்சு. இரண்டு கேசட்டில் பதிந்து, யாரும் அழித்துப் பதிந்துவிடாதபடி இரண்டிலும் மேல்பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் பற்களை ஒடித்தேன். அவள் லேபிளில் எதுவும் எழுதாமல் ஒரு சிலுவை மட்டும் போட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். "பைத்தியம் பிடிச்சிருச்சும்பாக." ஸ்டுடியோக்காரரை அழைத்துத் திரையைப் போட்டோ எடுத்துப் பார்க்கலாம் என்றதற்கும் ஒப்பவில்லை. நானே ஒரு கேமரா இரவல் வாங்கி எடுத்தேன். கழுவி வந்ததில் திரையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அதைப் பார்த்தவுடன் கிழித்துவிட்டாள்.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியும் பூவும் வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு படத்தை ஏற்றுவோம். மெதுவாக, மேலிருந்து கீழாக வரும். முதலில் முடி, பிறகு நெற்றி. கண் வரும்போது அவள் டி.வி.க்கு அருகே நகர்ந்து உட்காருவாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும், டி.வி. சூடாகுது" என்பாள். இடையில் ஒரு வருடம் ஒரு கேசட்டை ரெக்கார்டர் மென்று தின்றுவிட்டது. இன்னொன்று இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. இருந்த வரைக்கும் அந்த நாளில் படத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள். மைத்துனர் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு வந்து, காரியங்களையெல்லாம் அவரே பார்த்தார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளில் இரண்டு கல்லறைக்கும் மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். கேசட்டைப் போட்டேன். ரெக்கார்டர் சுழன்றது. திரை வெறுமையாக இருந்தது. ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன், திருப்பி ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. சந்தேகப்பட்டு ரெக்கார்டரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். உடனே வீடு முழுக்கக் கோயில் பாடகர் குழு பாடியது.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். நான் ஒடித்த பற்களின் இரண்டு ஓட்டைகளிலும் செலோடேப் ஒட்டியிருந்தது. பல் ஒடிந்த கேசட்டில் மறுபடி பதிய வேண்டுமென்றால் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை.

சாயங்காலம் மைத்துனர் வந்தார். கேட்டேன்.

"ஆமா மச்சான், அக்காவோட முப்பதாம் நாள் பூசைய டேப்புல பிடிச்சேன். ஒங்களுக்குத்தான். அன்னைக்கு நீங்க ஒண்ணையும் காதுல வாங்கல, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அக்கா சிலுவை போட்ட கேசட்டு. செபம் கிபம் இருக்கும்னு போட்டுப் பாத்தா ஒரே கீச்சு. டேப்பு கெட்டுப்போச்சேன்னு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. அக்கா கை பட்டதுலயே அக்கா பூசை இருக்கட்டுமேன்னு..." மேசையில் இருந்த கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கா மச்சான்?"

"நல்லா விழுந்திருக்கு மாப்ள."

"கடைசியில நான் அழுதிருப்பேன். அது வரைக்கும் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் போட்டோவை எடுத்தேன். அவள் செய்ததைப் போலவே பட்டர் பேப்பர், பென்சில். குச்சியை அழுத்தினேன். எனக்கு வட்டமே கோணலாக வரும். ஆனாலும் தாடை வந்தது, காது வந்தது, பழுப்பும் ஆரஞ்சும் மாற்றி மாற்றிக் கன்னம்கூட வந்தது. பிறகு கண். இடதில் ஏழு, வலதில் ஆறு. வைத்தேன். யாரோ ஒரு பையன் பார்த்தான். அழித்தேன். புள்ளிகளை ஒரு வரிசை ஏற்றி வைத்தேன். வேறொரு பையன் பார்த்தான். எத்தனை என்பது எனக்குத் தெரியும். எங்கெங்கே என்பதை அவள்தான் அறிந்திருந்தாள்.

கடைசியில் போட்டோவில் இருந்தபடியே இரண்டு கோடுகள் போட்டுக் கண்களை மூடினேன். இப்போது அவனேதான். டி.வி. சூடாகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதியாமல் அணைத்தேன்.