சாகுல் நானா வீட்டுக் குழாயில் காற்று

குழாய் வேலைக்காரனை யாரும் நல்ல நாளில் நினைப்பதில்லை, ஒழுகினால்தான் நினைப்பார்கள். நான் மன்னார்ப் பக்கம் பைப் வேலை செய்கிறேன். முகத்தில் சவர்க்காரத்தோடு குழாயைத் திறந்து, தண்ணீருக்குப் பதில் 'புஸ்' என்று காற்று வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள்.

ஒழுகட்டும்

பாப்பாமோட்டையில் ஒரு அக்கா கூப்பிட்டார். வாசல் வால்வு ஒழுகுகிறது என்று, கொழும்பிலிருந்து வந்த மகன் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது, சின்ன வேலை. ஸ்பானரை எடுத்ததும் அக்கா குறுக்கே வந்து நின்றார். வால்வுக்குக் கீழே பச்சைப் பசேலென்று பொன்னாங்காணி. வளவில் வேறு எங்கும் ஒரு புல்கூட இல்லை. "தம்பி, மகன் கேட்டா திருத்தினதெண்டு சொல்லுங்கோ. ஆனா ஒழுக்கை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ."

பெட்டியோடு வருவேன்

எருக்கலம்பிட்டி சாகுல் நானாவின் கதை கொஞ்சம் பெரியது. தொண்ணூறாம் ஆண்டில் இடம்பெயர்ந்து, புத்தளம் முகாமில் பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றே தலை நரைத்தவர். இப்போது ஊரில் சொந்தக் காணியில் வீடு கட்டித் திரும்பி வந்துவிட்டார். மனைவி வரவில்லை. குடம் தூக்கியே இடுப்பு போய்விட்டது, குசினிக் குழாயில் தண்ணீர் வந்தால்தான் பெட்டியோடு வருவேன் என்று சொல்லிவிட்டார். நானா தானே சமைத்து, தானே சாப்பிட்டு மெலிந்துபோயிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. "தம்பி, அந்தக் குசினி டப்புல தண்ணி வந்தாத்தான் எனக்கு ஒரு வாய் நல்ல சோறு."

மறுபடியும் காற்று

தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாய், கதவு நிலைக்கு மேலே ஏறிக் குசினிக்குள் இறங்கியது. அந்த மேட்டில்தான் காற்று அடைத்திருந்தது. வெளிக் குழாயிலிருந்து ஒரு ஹோஸை மாட்டி, குசினிக் குழாய் வழியாகத் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளினேன். காற்றெல்லாம் தாங்கிக்குள் குமிழியிட்டு வெளியேறியது. தண்ணீர் கொட்டியது. நானா இரண்டு கையையும் ஏந்தி எனக்காகத் துஆ கேட்டார்.

மறுநாள் காலையில் போன். மறுபடியும் காற்று! தாங்கிக்குக் கீழே உள்ள வால்வு காற்றை இழுக்கிறதோ என்று புதிது போட்டு, காற்றை மறுபடியும் தள்ளிவிட்டேன். அடுத்த காலையும் அதே கதை. மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். எங்கும் பிழை இல்லை. எனக்கு என் தொழில் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நானாதான் என்னைத் தேற்றினார். "பறவாயில்ல தம்பி, ஆறுதலாச் செய்யுங்கோ. ஆனா அவ வெள்ளிக்கிழம பாக்க வாறா."

வெள்ளிக்கிழமை

அன்று நானும் அங்கே நின்றேன். நானாவின் மனைவி, ராத்தா, பஸ்ஸால் இறங்கி, பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். அது இருமியது. ஒரு சொட்டும் வரவில்லை. நானாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ராத்தா குளியலறைக் கதவைத் தள்ளினார். உள்ளே வாளி, குடம், சட்டி, கேத்தல் எல்லாம் தளும்பத் தளும்பத் தண்ணீர். "இதென்ன?" என்று கேட்டார். நானா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுததும் தாங்கி வால்வைப் பூட்டிவிட்டு, குழாய்க்குள் நிற்கிற தண்ணீரையும் விடாமல் வாளியில் பிடித்து வைத்துவிடுவாராம். நாளைக்கு வராமல் போனால் என்ன செய்வது? இப்படித் தினமும் குழாயை வெறுமையாக்கினால் காற்றுப் புகாமல் வேறு என்ன புகும்! எனக்கு வந்த கோபம், அவர் நின்ற பவுசர் வரிசையை நினைத்ததும் போய்விட்டது.

ராத்தா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இவரத் தனிய விட்டா கடலையும் அள்ளி வாளியில வைப்பார். அந்தப் பெட்டிய உள்ளுக்கு எடுத்து வையுங்கோ தம்பி."

இப்போதெல்லாம் குழாயில் காற்று என்று யார் கூப்பிட்டாலும், வால்வைத் தொட முதல் வீட்டில் வாளி எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.