புதன்கிழமைக்காரரும் ஞாயிற்றுக்கிழமைக்காரியும்

எழுபதுகளில் ஓர் ஆனி மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. எனக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. உலையை அணைக்கக் கூடாது என்பதால் ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கிழமை லீவு. அவருக்கு வாய்த்தது புதன். எனக்கோ ஞாயிறு. அவர் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில் நான் கரும்பலகை முன்னால் நிற்பேன். நான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை ஆற்றிக்கொண்டிருக்கும் நாளில் அவர் உலை முன்னால் நிற்பார். ஒரே வீட்டில் குடியிருந்தும் ஒரு நாளாவது முழுசாகச் சேர்ந்து இருந்ததில்லை. இதற்கா கல்யாணம் பண்ணிக்கொண்டோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மனுஷனோ யாரிடமும் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். "குடுத்தத வாங்கிக்கினு போவணும்" என்பார். அதைக் கேட்டால் ஆத்திரம் இன்னும் ஏறும்.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. அதில் ஒரு புதன்கிழமை இருந்தது! காலண்டரில் அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழவேற்காடு போவது என்று நானே முடிவு கட்டினேன். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். எங்கள் வசதிக்கு அதுதான் ஊட்டி. விடிவதற்குள் புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்குப் போசியில் அடைத்து, புதுச் சேலையும் கட்டி முடித்துவிட்டேன்.

அவர் ராத்திரி ஷிப்டு முடித்துச் சிவந்த கண்ணோடு வந்தார்.

"கண்ணு எரியுதும்மே. அடுத்த வாரம் போலாமா?"

"அடுத்த வாரம் ஸ்கூல் தொறந்துரும். ரயில்ல தூங்குங்க, பஸ்ல தூங்குங்க. இப்ப கெளம்புங்க!" என்றேன்.

சொன்னதை அப்படியே செய்தார். ரயிலில் தூங்கினார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஆனால் பஸ் ஒரு திருப்பம் திரும்பியதும் ஏரி தெரிந்தது. ஏரி என்றுதான் பேர், எதிர்க்கரையே கண்ணுக்குத் தெரியவில்லை. "தண்ணி! தண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மட்டுமல்ல, பஸ்ஸில் தூங்கிய எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கரையில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய்ப் படகு கேட்டேன். "இன்னிக்கு எங்க பாடு, தங்கச்சி. நாளைக்கி வாங்களேன்" என்றார். நாளைக்கு! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு அவரே விளக்கினார். ஏரியில் இந்த இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை போட வேண்டும் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்களாம். அந்த முறைதான் பாடு. "அதோ மரத்தாண்ட குந்திக்கினு இருக்காரே, அவருக்கு இன்னிக்குப் பாடு இல்ல. அவரக் கேளுங்க" என்று கை காட்டினார்.

மரத்தடிக்காரர் உடனே எழுந்தார். அவர் மனைவியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறிக்கொண்டாள். ஆழமில்லாத தண்ணீரில் அவர் கழி ஊன்றித் தள்ள, படகு வழுக்கிக்கொண்டு போனது. காற்று என் கொண்டையைக் கலைத்தது. நான் சின்னப் பிள்ளையாகக் கையைத் தண்ணீரில் விட்டுக் கூவிக்கொண்டே வந்தேன். திடீரென்று ஒரு பெரிய மடவை மீன் துள்ளி வந்து எங்கள் காலடியில் விழுந்தது. தூங்குமூஞ்சி என்று நான் வைதுகொண்டிருந்த மனுஷன் ஒரே பாய்ச்சலில் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். "கொழம்பு வச்சுரலாம்மே!" என்று அவர் சிரித்தாரே, அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

"உட்டுருங்க சார்" என்றார் படகுக்காரர். "இன்னிக்கு நம்ம பாடு இல்ல."

"அதுவாதானே வந்து உழுந்துச்சு?"

"எங்க உழுந்தாலும் இன்னிக்கு அது அவங்க மீனு."

இவர் மனசே இல்லாமல் மீனைத் தண்ணீரில் விட்டார். "பாடு இல்லாத நாள்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெண் புருஷனைக் கை காட்டி முந்திக்கொண்டாள். "இதோ, இப்டி இதுகூட சுத்துவேன். இது புடிச்சாதானே நான் விக்கணும்? இதுக்கு லீவுன்னா எனக்கும் லீவு."

எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. புதன், ஞாயிறு, உலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். படகுக்காரர் கழியை ஊன்றி நிறுத்தினார்.

"மாத்திக்கறதுதானே சார்? கல்யாணம் காட்சின்னா எங்கள்ல ஒருத்தர் பாட்ட ஒருத்தர் மாத்திக்குவோம். வாயத் தொறந்து கேட்டா குடுக்காமயா பூடுவாங்க?"

கரைக்கு வந்து நான்கு பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம். சாயங்காலம் வரை ஈர மணலில் நடந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் திரும்பினால் மறுபடி அதே புதன், அதே ஞாயிறு என்ற நினைப்பு வந்து வந்து குத்தியது. திரும்பும் ரயிலில் அவர் தூங்கவேயில்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை லீவுக்காரன் ரூமுக்கு. நீ ஊட்டுக்குப் போ."

நான் எங்கே வீட்டுக்குப் போவேன்? பின்னாலேயே ஓடினேன். அந்த லீவுக்காரர் கல்யாணம் ஆகாதவர், இவரோடு ஒரே உலை முன்னால் நிற்பவர். இவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார், ஷிப்டைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு ஒருவழியாகக் கேட்டார். கேட்கும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயித்துக்கெழம ஓட்டல்ல கும்பல், சினிமால கும்பல். எனக்குப் புதன்தான்யா சவுகரியம். இத்தினி நாளா கேக்காம வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? மேஸ்திரியாண்ட நானே சொல்லிடறேன்."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். அவர் வெங்காயம் உரித்தார், நான் மீன் குழம்பு வைத்தேன், ஓயாமல் பேசினோம். பொழுது சாய்ந்து வாசல் தெளிக்க வெளியே வந்தபோது பக்கத்து வீட்டம்மா கேட்டாள்.

"காலைலேந்து கதவு சாத்திக் கெடந்துச்சே, ஊருக்கு எங்கனா போயிருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "இப்பதான் வந்தோம்."

உள்ளே அவர் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டது.