மழைக் கட்டுக்குள் ஒரு முகம்

எங்கள் வட்டாரத்தில் வறட்சியே வந்ததில்லை என்று எழுதியவன் நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு முழுப் பத்தி எழுதினேன். "வானம் பார்த்த பூமி என்கிற பேச்செல்லாம் மிகை, ஆதாரங்கள் வேறு கதை சொல்கின்றன" என்று தொடங்கி, 'ஆதாரங்கள்' என்ற சொல்லுக்கு அடியில் கோடும் போட்டிருந்தேன். இத்தனைக்கும் கோவில்பட்டியிலேயே பிறந்து, வெயில் காலத்தில் ஆட்டுக்கால் மாட்டுகிற அளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். கண்ணால் பார்த்ததை நம்பாமல் காகிதத்தை நம்பினேன். படித்தவன் இல்லையா.

நூலக வாசகர் வட்டத்தில் ஆண்டு மலர் போட்டார்கள். ஊரின் பழைய கதையை எழுத ஆள் தேடினார்கள். ஓய்வு பெற்றவன், வீட்டிலும் தொந்தரவு கொடுக்கிறவன் என்ற இரண்டு தகுதியும் எனக்கு இருந்தது.

நூலகத்தில் பத்திரிகைத் துண்டுகளின் சேகரம் ஒன்று உண்டு. முன்காலத்தில் அங்கே வேலை பார்த்த யாரோ ஒருவர் வருஷக்கணக்காகச் செய்திகளைக் கத்தரித்து, பழுப்புத் தாளில் மைதாப் பசையால் ஒட்டி, பொருள்வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். தீப்பெட்டி, பருத்தி, ரயில், மழை என்று ஒவ்வொரு கட்டுக்கும் மேலே அட்டையில் எழுதியிருக்கும். நான் 'வறட்சி' தேடினேன். இல்லை. 'பஞ்சம்' தேடினேன். அதுவும் இல்லை. 'மழை'க் கட்டோ இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில் இருந்தது. அட, இவ்வளவு மழையா பெய்திருக்கிறது என்று வியந்து, பிரிக்காமலேயே அந்தப் பத்தியை எழுதிவிட்டேன்.

எழுதினால் யாரிடமாவது வாசித்துக் காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. பஜாரில் கடலைமிட்டாய்க் கடை நடத்துகிற அக்காதான் அன்றைக்கு மாட்டினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பாக்கெட் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"ஏ தம்பி, வறட்சியே வரலியா?"

"ஆதாரம் இல்லக்கா."

"எங்கப்பா கஞ்சித்தொட்டியில அகப்பை புடிச்சாவ. ஊருக்கே ஊத்துனாவளாம். வராத வறட்சிக்கா கஞ்சி காச்சுனாவ? வயசானா புத்தி வரும்பாங்க, உங்களுக்கு இருந்ததும் போயிட்டுப் போல."

பிறகு குரலைத் தணித்து ஒன்று சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படம் கிடையாது. அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள்? "கஞ்சி ஊத்துனத பேப்பர்ல படம் போட்டிருந்தாங்கன்னு அம்மா சொல்லுவா. பாத்தீங்கன்னா கொண்டாங்க. எந்தம்பிக்கு அவிய முகமே தெரியாது. எனக்கும் இப்ப இப்ப கலங்கலாத்தான் வருது."

மறுநாள் மழைக் கட்டைப் பிரித்தேன். முதல் தாளில், விளாத்திகுளம் பக்கம் மிளகாய்ச் செடி காய்கிறது, மழை இல்லை. அடுத்தது, கயத்தாறு பக்கம் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், மழை இல்லை. மழை வேண்டிப் பூசை. மழை ஏமாற்றியது. புரட்டப் புரட்டப் பெய்யாத மழைதான். எங்கோ ஒரு தாளில் பெய்திருந்தது, அது கண்மாயை உடைத்திருந்தது.

கட்டி வைத்தவர் மேல் தப்பில்லை. எங்கள் ஆட்கள் யாரும் 'வறட்சி' என்று பேசி நான் கேட்டதில்லை. அது கலெக்டர் ஆபீஸ் வார்த்தை. எங்களுக்கு மழை உண்டு, மழை இல்லை, அவ்வளவுதான். டீக்கடையில் கேட்டிருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். நூலகத்துக்குள் நுழைந்ததும் என் ஊர்ப் பேச்சைச் செருப்போடு வாசலில் விட்டிருக்கிறேன்.

துண்டுகளை மேல்விளிம்பில் மட்டும்தான் ஒட்டியிருந்தார். தூக்கினால் பின்பக்கமும் படிக்கலாம். பின்பக்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை, முன்பக்கச் செய்திக்காகக் கத்தரி எப்படிப் போனதோ அப்படி. பாதி எண்ணெய் விளம்பரம், தலை இல்லாத கல்யாணம், எந்த ஊர் என்று தெரியாத திருட்டு. ஒருத்தர் எதை வைத்துக்கொள்ள நினைத்தாரோ அது ஒழுங்காக நிற்கிறது. நினைக்காதது முதுகில் ஒட்டிக்கொண்டு தானும் தப்பித்து வந்திருக்கிறது. அப்படி ஒரு முதுகில்தான் அந்தப் படம் இருந்தது. "கோவில்பட்டியில் கஞ்சித்தொ" என்பதோடு தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது. படத்துக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய பெயர்கள் போயே போய்விட்டன. பெரிய தொட்டி, பக்கத்தில் அகப்பையோடு வாட்டசாட்டமாக ஒருவர், எதிரே ஒரு வரிசை.

அகப்பை இருக்கிறது, அப்பா இருக்கிறார், வேறென்ன வேண்டும்? போனில் படம் பிடித்து, ஜெராக்ஸ் கடையில் அகப்பைக்காரரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, லேமினேஷனும் போட்டுக்கொண்டு பஜாருக்கு நடந்தேன். வழியெல்லாம் அக்கா அழுதால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அழவில்லை.

"இது யாரு?"

"அப்பாக்கா."

"யாரு அப்பா?"

நான் போனை எடுத்தேன். "முழுப் படம் இருக்கா?" என்று போனை வாங்கினார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். அகப்பைக்காரரைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, விரல் வரிசைக்குள் போய் மெதுவாக நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. ஒல்லியாக ஓர் இளவட்டம். ஒரு பக்கத் தோளை இறக்கி, இரண்டு கையிலும் ஒரு சட்டியை ஏந்தி நின்றார். கேமராவைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவிய. எந்தம்பி இப்படித்தான் நிப்பான்."

ஒருவர் வந்து கால் கிலோ கேட்டார். அக்கா நிறுத்துக் கொடுத்தார். எடை சரியாக இருந்திருக்கும், கண் மட்டும் போனில்தான் இருந்தது. அந்த ஆள் போன பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்: "அப்ப ஊத்தல. வாங்கித்தான் குடிச்சிருக்காவ."

அவர் அம்மா கதையை மாற்றிச் சொன்னாரா, இல்லை அப்பாவே வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருந்தாரா, தெரியாது. வாங்கிக் குடித்தவர் ஒரு நாள் அகப்பையும் பிடித்திருக்கலாம். அந்தப் படத்தை யாரும் கத்தரித்து வைக்காமல் போயிருக்கலாம். எனக்கு இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல், வழக்கம்போல நாக்குதான் முந்திக்கொண்டது.

"விடுங்கக்கா. லேமினேஷன்ல இருக்கவரும் லட்சணமாத்தான இருக்காரு. இவர்தான் அப்பான்னு மாட்டிட்டா யாரு வந்து கேக்கப் போறா? மலர்லயும் அப்படியே போட்டுருவோம்."

அக்கா லேமினேஷனை என் பக்கம் தள்ளினார்.

"அவர உங்க வீட்டுல மாட்டிக்கிடுங்க, எங்கப்பாவப் பெரிசாக்கிக் கொண்டாங்க."