கேரட் காட்டின் மூலையில் சுற்றிய வட்டம்

இது நடந்தது. கொடைக்கானல் மலையிலுள்ள பூண்டியில், எங்கள் பங்காளி அடைக்கலத்தின் வீட்டில், போன நவம்பர் பதினாலாம் தேதி, பட்டப்பகலில் நடந்தது. ஊர் இதை வேறு மாதிரி பேசத் தொடங்குமுன் உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கிறேன். நம்பாதவர்கள் சந்தோஷ்குமாரின் வலது தோளைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அடைக்கலத்துக்கு அறுபத்தாறு வயது. யாருக்கும் வளையாதவர்; மாதா கோயிலில்கூடக் கடைசியாகத்தான் முழங்கால் போடுவார். அவருடைய தங்கை ஜூலியட் 1983-இல் ஒரு லாரி டிரைவரோடு ஓடிப்போனாள் என்று அவர் அப்பா சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. தவறிப்போய் அதைச் சொன்ன சொந்த அத்தையையே கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியவர். குடும்ப மானம் என்றால் அவருக்கு அப்படி.

மருமகள் செலினா, வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட நினைத்தாள். அதை இணையத்தில் பதிய, மேப்பில் நிலத்தின் எல்லையைக் குறிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். திரையில் மவுஸின் அம்புக்குறி கேரட் காட்டின் கிழக்கு மூலைக்குப் போனால் நீல வட்டமாக மாறிச் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து விலக்கினால் பழையபடி அம்புக்குறி.

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சந்தோஷ்குமார் பதினாலாம் தேதி பிற்பகல் 3.10-க்கு வந்தான். சன்னலுக்கு வெளியே மூடுபனி. காடு தெரியவில்லை.

“மவுசுக்கும் குளிரு போலங்கய்யா. சுருண்டு சுருண்டு படுக்குது.”

“வந்த சோலியப் பாருப்பா,” என்றார் அடைக்கலம்.

மவுஸை மாற்றினான். வட்டம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். வட்டம். பின்னணியில் வேறு புரோகிராம் ஏதாவது ஓடுகிறதா என்று தேடினான். எதுவும் ஓடவில்லை.

3.25. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, கீபோர்டில் தட்டி மேப்பை நகர்த்தினான். வட்டமும் கூடவே நகர்ந்தது. கேரட் காட்டின் மூலையை அது விடவில்லை.

சந்தோஷின் சிரிப்பு நின்றது.

“ஐயா... அந்த எடத்துல என்னங்க கெடக்கு?”

“கேரட்டு.”

“அதுக்குக் கீழ?”

“ஏலே, எங்க காட்டுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் கெடையாது. வெரசா முடிச்சுட்டுக் கெளம்பு.”

3.32. சந்தோஷ் மறுபடி மவுஸைப் பிடித்தான். அவன் கை மெதுவாக வட்டமடிக்கத் தொடங்கியது. விளையாடுகிறான் என்று நினைத்தாள் செலினா. அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

“கைய எடுக்க முடியலக்கா...”

சரக்... சரக்... சரக். மேசையில் மவுஸ் உராயும் சத்தம். வேகம் கூடியது. கையோடு முழங்கை போனது. முழங்கையோடு தோள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. கை மட்டும் மேசையை விட்டு வரவில்லை.

மடக்!

தோள் எலும்பு. அவன் அலறினான். அப்படியும் கை நிற்கவில்லை. முகம் மேசை விளிம்பில் மோதியது. மறுபடி மோதியது. பல் தெறித்தது. திரையிலிருந்த மேப்பின் மேல் ரத்தம் தெறித்து வழிந்தது.

செலினா பிளக்கைப் பிடுங்கினாள். யூபிஎஸ்ஸை அணைத்தாள்.

திரை அணையவில்லை. வட்டம் நிற்கவில்லை.

அடைக்கலம் பாய்ந்து சந்தோஷின் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். அடுத்த நொடி அவர் விரல்கள் மேசைப் பலகையில் பதிந்து இழுபட்டன. நகம் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. பலகையில் ஐந்து சிவப்புக் கோடுகள்... வளைந்து வளைந்து...

“மாமா! அந்த எடத்துல யாரு மாமா?”

அவர் பல்லைக் கடித்தார்.

“மாமா, இந்தாளு செத்துருவாரு! சொல்லுங்க!”

சரக். சரக். சரக்.

“...ஜூலியட்.”

நின்றது.

திரை கறுத்தது. மணி 3.41.

சந்தோஷை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் பிறகு இரண்டு பேர் பிரித்துப் பார்த்தார்கள். அதில் பழுது எதுவும் இல்லை.

மறுநாள் வெள்ளனே, கட்டுப்போட்ட கையோடு அடைக்கலம் மண்வெட்டி எடுத்தார்.

“போலீசுக்குச் சொல்லாமத் தோண்டக் கூடாதுங்க, மாமா.”

“அப்பச் சொல்லு. எம்பேர்லயே எழுதிக் குடு.”

“ஊரு பேசுமே...”

“பேசட்டும்.”

போலீஸ் முன்னால் தோண்டினார்கள். மூன்றடிக்குக் கீழே ஒரு பலகைக்கல். கல்லுக்குக் கீழே தண்ணீர் காணாமல் கைவிட்ட பழைய கிணறு. கிணற்றின் அடியில் எலும்புகள். ஒரு கால் இரண்டாக முறிந்திருந்தது. பக்கத்தில், ஜூலியட் சிறுவயதில் புதுநன்மைச் சடங்கில் வாங்கிய ஜெபமாலை.

போலீசோடு வந்து உள்ளே இறங்கிய டாக்டர் மண்சுவரில் விளக்கடித்துக் காட்டினார். இடுப்புயரத்தில், கிணற்றைச் சுற்றி வர, நகத்தால் கிழித்த பள்ளம். விரல் புதையும் ஆழம்.

“இது ஒரு நாள்ல விழுந்தது இல்லைங்க. பல நாள் உசுரோட இருந்து கீறியிருக்காங்க,” என்றார்.

அடைக்கலம் நிமிர்ந்து நின்றே போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தார். ஜூலியட் ஓடிப்போனாள் என்ற மறுநாள், மாடு விழுந்துவிடும் என்று சொல்லி, அப்பா அந்தக் கிணற்றை மூடச் சொன்னார். கல்லின் ஒரு முனையை அப்பா பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவர் அடைக்கலம். உள்ளே எட்டிப் பார்க்க அவர் துணியவில்லை.

மேலே மண் போடுவதற்கு முன், அந்த வாரம் முழுக்க, அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் அவர் பூண்டு காய வைத்தார்.